போலிஷா பிலிப்பினோவா, கப்பல்ல இருக்கிற தமிழ் ஆளுக்கு எது முதல்ல?

மூணாவது_இன்ஜினியர்

வணக்கம் மக்களே. நான் சரக்குக் கப்பல்ல தேர்டு இன்ஜினியர். இந்தக் கப்பல்ல கேப்டனும் சீஃப் இன்ஜினியரும் போலந்து, போசன்ல (டெக் ஆளுங்களோட மேஸ்திரி) இருந்து மெஸ்மேன் (சாப்பாடு பரிமாறுறவன்) வரைக்கும் க்ரூ முழுக்க பிலிப்பைன்ஸ், நடுவுல தமிழ் பேசுறவன் நான் ஒருத்தன் தான். வேலை எல்லாம் இங்கிலீஷ்ல நடக்குது, அதுல பிரச்சனை இல்ல. ஆனா சாப்பிட உக்காந்தா ஒரு பக்கம் "ஷ்ச் ப்ஷ்"னு குக்கர் ஆவி விடுற மாதிரி பேசுறாங்க, க்ரூ மெஸ் பக்கம் போனா "நாங், ஆங், மாஙா"னு வேற ஒரு உலகம், நான் ரெண்டுக்கும் நடுவுல தட்டை வெச்சுக்கிட்டு பேக்கு மாதிரி சிரிச்சுட்டு இருக்கேன்.

போன வாரம் நடந்த கூத்து. கன்ட்ரோல் ரூம்ல சீஃப் போன்ல கேப்டன்கிட்ட பேசிட்டு இருந்தாரு, "நோ... நோ... நோ நோ"னு. சரி, பிரிட்ஜ்ல இருந்து ரெண்டாவது ஜெனரேட்டர் கேக்குறாங்க, இவரு வேணாங்கறாருனு நானே முடிவு பண்ணி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். போனை வெச்சதும் "ஏன் இன்னும் ஸ்டார்ட் பண்ணல"னு செம டோஸ். என்ன நடந்துச்சுனு இன்னைக்கு வரைக்கும் புரியல.

காண்ட்ராக்ட் இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. ஒரு மொழியாவது பேச்சு அளவுக்குக் கத்துக்கலாம்னு இருக்கேன். போலிஷ் தான் உலகத்துலயே கஷ்டம், பிலிப்பினோ ரொம்ப ஈஸி, அதுல ஆண்பால் பெண்பாலே கிடையாதுனு ஒருத்தன் சொன்னான். உண்மையா? தமிழ் தெரிஞ்சவனுக்கு எது பக்கம்?

வார்சா_வாசி

முதல்ல உங்க ஜெனரேட்டர் கேஸை முடிச்சு வைக்கிறேன் ப்ரோ 😂 போலிஷ்ல பேச்சு வழக்குல "நோ"ன்னா "ஆமா, ஹ்ம்ம், சரி". இல்லைங்கறதுக்கு "ன்யே". உங்க சீஃப் அன்னைக்கு கேப்டன் சொன்ன ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிட்டு இருந்திருக்காரு. நான் இங்க வந்த புதுசுல இதே குழில விழுந்தவன் தான்.

சரி, கஷ்டமானு கேட்டா ஆமா கஷ்டம், ஆனா ஜனங்க பயமுறுத்துற இடம் வேற, உண்மையா வலிக்கிற இடம் வேற. வேற்றுமை ஏழு இருக்குன்னு வெள்ளைக்காரங்க அலறுவாங்க. நமக்கு எட்டு இருக்கு, சின்ன வயசுலயே பாத்தாச்சு. கப்பல்னா "ஸ்தாதெக்". கப்பலோட "ஸ்தாத்கு", கப்பலுக்கு "ஸ்தாத்கோவி", கப்பல் மூலமா "ஸ்தாத்கியெம்", கப்பல்ல "நா ஸ்தாத்கு". விளிவேற்றுமை கூட உயிரோட இருக்கு, உங்க கேப்டன் முன்னாடி நின்னு கூப்பிடணும்னா "பான் காபிதான்" இல்ல, "பானியே காபிதானியே". நாம முருகன்கறதை முருகான்னு நீட்டிக் கூப்பிடுற அதே சங்கதி தான், இதைக் கேட்டதும் எனக்கு சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு. வித்தியாசம் என்னன்னா நம்ம "ஐ, கு, இல்" எல்லாச் சொல்லுக்கும் ஒண்ணே தான், அங்க ஆண்பால் பெண்பால் அலிப்பால்னு மூணு, அதுலயும் உயிர் இருக்கா இல்லையானு பாத்து வால் மாறும். மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் ரெண்டும் இல்ல. ஏன்னு கேக்கக் கூடாது.

வலிக்கிறது எங்கன்னா எண்ணும்போது. ஒரு கப்பல் "யெதென் ஸ்தாதெக்". ரெண்டு, மூணு, நாலு வரைக்கும் "ஸ்தாத்கி". அஞ்சு ஆனதும் "பியெஞ்ச் ஸ்தாத்குஃப்", அதாவது "கப்பல்களின் அஞ்சு"ங்கற மாதிரி ஆறாம் வேற்றுமைக்கு ஓடிடும். சரி அதோட விட்டுச்சானா இருபத்தி ஒண்ணு வரைக்கும் அப்படியே போயி இருபத்தி ரெண்டுல திரும்பவும் "ஸ்தாத்கி", இருபத்தி அஞ்சுல திரும்பவும் "ஸ்தாத்குஃப்". கடைல ஆப்பிள் வாங்கும்போது இதுக்காகவே நான் நாலுக்கு மேல வாங்குனதில்ல.

அப்புறம் எழுத்து. எஸ்ஸும் இசட்டும் சேந்தா "ஷ", சியும் இசட்டும் சேந்தா "ச்ச", எல் மேல ஒரு சாய்கோடு போட்டா அது எல்லே இல்ல, "வ". படகுக்கு ஒரு சொல் இருக்கு, அதே பேருல பெரிய நகரமும் இருக்கு, எழுத்தைப் பாத்தா யாரா இருந்தாலும் "லோட்ஸ்"னு தான் படிப்போம், அவங்க வாயில அது "வூச்". ஆனா ஒண்ணு, இந்த ரூலை ஒரு தடவை கத்துக்கிட்டா எந்தப் போர்டையும் தடுமாறாம படிச்சுடலாம், எழுத்துக்கும் ஒலிக்கும் அவ்வளவு ஒழுங்கு இருக்கு. அழுத்தமும் எப்பவும் கடைசிக்கு முந்தின அசையில தான், கொஞ்சூண்டு விதிவிலக்கு மட்டும்.

தமிழ் ஆளுக்குத் தனியா ஒரு கண்ணி. நமக்கு ப ஒண்ணு தான், எழுத்துல வித்தியாசமே இல்ல. அங்க "குடிக்க"வும் "அடிக்க"வும் முதல் ஒலியில மட்டும் தான் மாறும். தமிழ்ல எழுதினா ரெண்டுமே "பிச்ச்". தொண்டையை லேசா அதிர விட்டுட்டீங்கன்னா குடிக்கலாமானு கேக்க வந்தவரு அடிக்கலாமானு கேட்டுட்டு நிப்பீங்க.

மனிலா_மாப்ள

என் வீட்டம்மா பிலிப்பினா, கல்யாணம் ஆகி எட்டு வருஷம், அதனால நான் நடுநிலையா பேசுவேன்னு எதிர்பாக்காதீங்க 😄 கண்ணை மூடிட்டு பிலிப்பினோ எடுங்க.

காரணம் சொல்றேன். நாம, நாங்கனு நம்மகிட்ட ரெண்டு இருக்கு பாருங்க, கேக்குற ஆளையும் சேத்துக்கிறது ஒண்ணு, சேத்துக்காதது ஒண்ணு. இங்கிலீஷ்ல இல்ல, போலிஷ்லயும் இல்ல. பிலிப்பினோல அப்படியே இருக்கு. "தாயோ"ன்னா நாம, "காமி"ன்னா நாங்க. மெஸ்ல உங்களைப் பாத்து "காயின் தாயோ"ன்னா "வாங்க சாப்பிடலாம்", உங்களையும் சேத்து. "குமாயின் நா காமி"ன்னா "நாங்க சாப்பிட்டாச்சு", நீங்க தனியா உக்காந்து சாப்பிட்டுக்கங்க. இங்கிலீஷ்காரனுக்கு இதை ஒரு பாடம் ஃபுல்லா விளக்குவாங்க, நமக்கு ஒரு நொடி.

"குமாயின் கா நா பா?" இது என்ன தெரியுமா? "சாப்பிட்டாச்சா?" அங்கயும் ஒருத்தரைப் பாத்ததும் கேக்குற கேள்வி இது தான். கடைசில இருக்கிற "பா" நம்ம "ஆ", கேள்வி ஆக்குறது. "நா"ங்கறது நம்ம "ஆச்சு". இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, "தாவ்". "தாராதிங் தாவ் சியா பூகாஸ்", அவரு நாளைக்கு வராராம். அந்த "ஆம்" இருக்குல்ல, நான் பொறுப்பில்லப்பா, கேட்டதைச் சொல்றேன்னு கழண்டுக்கிற "ஆம்", அதுக்குனே அங்க ஒரு குட்டிச் சொல் இருக்கு. என் மாமியார் பேச்சுல பாதி தாவ் தான்.

மரியாதைக்கு என்ன சொல்வாங்க தெரியுமா, "போ"! நன்றிங்க = "சலாமாத் போ". முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்து எங்க அப்பாகிட்ட கும்பிட்டு "சலாமாத் போ"ன்னா அவரு முகம் போன போக்கு இருக்கே. நம்ம "ங்க" என்ன வேலை செய்யுதோ அதைத் தான் இந்தப் "போ" செய்யுது, வாக்கியத்துல ஒட்டிவிட வேண்டியது தான். அதோட ஒருத்தரையே "நீங்க"னு பன்மைல கூப்பிடுறதும் இருக்கு, "காயோ". அண்ணனுக்கு "கூயா", அக்காவுக்கு "ஆதே", தெரியாதவங்களையும் அப்படியே கூப்பிடலாம், கடைக்காரரும் கூயா, டிரைவரும் கூயா.

ஒலி நமக்கு அல்வா மாதிரி. சின்ன வயசுல ங ஙா ஙி ஙீனு மனப்பாடம் பண்ணோமே, ஒரு நாளாவது ஙல ஆரம்பிக்கிற வார்த்தையை வாயால பேசிருப்போமா? அங்க போங்க, "ஙயோன்"னா இப்போ, "ஙீபின்"னா பல்லு, "ஙிதி"ன்னா புன்சிரிப்பு. அந்த வரிசை மொத்தமும் அவங்களுக்காகத் தான் நாம படிச்சு வெச்சிருக்கோம் போல.

லிஃப்ட் ஜோக் தெரியுமா? லிஃப்ட் கதவு திறக்குது, வெளிய நிக்கிறவரு: "பாபாபா பா?" உள்ள இருக்கிறவரு: "பாபாபா." அவ்வளவு தான் மொத்த உரையாடலும். கீழ போகுதா, போகுது. "பாபா"ன்னா இறங்கு, முதல் அசையை இரட்டிச்சா இனி நடக்கப் போறது, கடைசில கேள்வி "பா".

இலக்கணப்பூச்சி

மாப்ள அண்ணே, ஆசை காட்டி மோசம் பண்றீங்க. குட்டிக் குட்டிச் சொல் எல்லாம் தமிழுக்கு ஒட்டிப் போகுது, ஒத்துக்கிறேன். வினைச்சொல்லை ஏன் பேசவே இல்ல? அங்க தானே மாட்டுவாரு.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லித் தர்ற கணக்குல போலிஷ், டகாலோக் ரெண்டையும் ஒரே படியில தான் வெச்சிருக்கு, 44 வாரம், 1100 மணி நேர வகுப்பு. அதே படியில தமிழும் இருக்கு. அது இங்கிலீஷ்காரனுக்குப் போட்ட கணக்கு தான், ஆனா பிலிப்பினோ சுலபம்ங்கற கதை அங்கயே அடிபட்டுப் போச்சு. போலிஷ் தன் கஷ்டத்தைப் பேர்ச்சொல்லோட வால்ல வெச்சிருக்கு, பிலிப்பினோ வினையோட வயித்துல வெச்சிருக்கு. வயித்துலன்னு சும்மா சொல்லல, நிஜமாவே உள்ள தான் செருகுவாங்க. வாங்குங்கறதுக்கு வேர் "பிலி". அதுக்கு நடுவுல "உம்" போட்டா "புமிலி", "இன்" போட்டா "பினிலி". ரெண்டும் வாங்கினதைத் தான் சொல்லுது, ஆனா வெளிச்சம் விழுற ஆள் வேற.

"புமிலி ஆங் குசினேரோ நாங் இஸ்தா", குக் மீன் வாங்கினாரு. பேச்சு குக்கைப் பத்தி, மீன் ஏதோ ஒரு மீன். "பினிலி நாங் குசினேரோ ஆங் இஸ்தா", அந்த மீனை குக் வாங்கினாரு. இப்ப பேச்சு மீனைப் பத்தி. "இபினிலி நாங் குசினேரோ நாங் இஸ்தா ஆங் காபிதான்"னா கேப்டனுக்காக வாங்கினாரு, வெளிச்சம் இப்ப கேப்டன் மேல. யாருகிட்ட வாங்கினாருங்கறதை முன்னுக்குக் கொண்டு வரணும்னா "பினில்ஹான்"னு இன்னொரு உருவம். "ஆங்" எந்தச் சொல் முன்னாடி நிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி வினை வேஷம் மாத்தணும். தமிழ்ல "மீன் வாங்கினான்", "மீனை வாங்கினான்" இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய வித்தியாசம் உங்களுக்குப் படுதுல்ல? அந்த உணர்வு தான் இங்க கைகொடுக்கும், ஆனா நாம அதை மீன் மேல ஏத்துறோம், அவங்க வினை மேல ஏத்துறாங்க. போதாக்குறைக்கு வாக்கியமும் தலைகீழ், நம்ம வினை கடைசில, அவங்க வினை முதல்ல. நான் மூணு மாசம் ஒவ்வொரு வாக்கியத்தையும் கண்ணாடில பாத்து எழுதுற மாதிரி எழுதினேன்.

உறவுன்னு பாத்தா ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. போலிஷ் ஸ்லாவிய மொழி, இந்தோ ஐரோப்பியக் குடும்பம். பிலிப்பினோ ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம், மலாய், மலகாசி, ஹவாய் மொழிக்கெல்லாம் சொந்தக்காரன். ஆனா எங்கயோ ஒரு இடத்துல ரெண்டும் சமஸ்கிருதத்தைத் தொட்டுட்டு வந்துருக்கு, வேற வேற வாசல் வழியா. போலிஷ்ல நெருப்பு "ஓகியென்", அக்னியோட பங்காளி. புகை "திம்", தூமகேதுல இருக்கிற தூமம் தான். அது ரத்த சொந்தம். பிலிப்பினோல முகம் "முக்ஹா", ஆசிரியர் "குரோ", இது கடலும் வாணிபமும் கொண்டு வந்து சேத்த கடன். நம்ம மாங்காயும் மலாய் வழியா "மங்கா"னு போயி உக்காந்துருக்கு, அதனால உங்க மெஸ்ல "மங்கா"ன்னு யாராவது சொன்னா அது நிஜமாவே மாங்கா தான். ஆனா "மாஙா"ன்னு கேட்டா பழம் இல்ல, அது நம்ம "கள்" விகுதி, பன்மை. எழுதும்போது எம்முக்கும் ஜிக்கும் நடுவுல உயிரே இல்லாம எம், ஜி, ஏ மூணே எழுத்து, ஏமாந்துடாதீங்க.

இன்னொரு ஒத்துமை, இதை யாரும் சொல்றதே இல்ல. எப்ப நடந்துச்சுங்கறதை விட முடிஞ்சுச்சா இல்லையாங்கறது தான் ரெண்டு மொழிக்கும் முக்கியம். பிலிப்பினோல காலம்னு தனியா இல்ல, "குமாயின்" முடிஞ்ச சாப்பாடு, "குமாகாயின்" நடக்குற சாப்பாடு, "காகாயின்" இனிமே. போலிஷ்ல கிட்டத்தட்ட ஒவ்வொரு வினையும் ஜோடியா வரும், வாங்கிட்டு இருந்தேன்னா "குபோவாவெம்", வாங்கிட்டேன்னா "குபிவெம்". நாம அந்த "ட்டேன்"ல செய்றதை அவங்க வேற வினையே வெச்சு செய்றாங்க.

வால்பேப்பர்_அக்கா

குபிவெம்னு சொல்லிக் குடுத்தீங்களே, அது ஆம்பளை சொன்னா. பொம்பளை சொன்னா "குபிவாம்". இதை விட்டுட்டீங்க. என் கூட வேலை பாத்த பையன் ஒருத்தன் வீட்டு ஓனரம்மா பேசுறதைக் கேட்டுக் கேட்டே போலிஷ் கத்துக்கிட்டு ரெண்டு மாசம் எங்க போனாலும் "நான் போயிருந்தாள், நான் வாங்கினாள்" ரேஞ்சுக்குப் பேசிட்டுத் திரிஞ்சான், ஆபீஸ்ல யாரும் வாயைத் திறந்து சொல்லல, முகத்தைத் திருப்பிச் சிரிச்சாங்க. பிலிப்பினோல அவன், அவள் ரெண்டுக்கும் "சியா" ஒண்ணே ஒண்ணு, நிம்மதி. அதனால தான் அவங்க இங்கிலீஷ் பேசும்போது தன் பொண்டாட்டியவே அவன்னு சொல்லிடுவாங்க.

அப்புறம் வேற ஒரு த்ரெட்ல ஒருத்தர் போலிஷ் பன்மைல நம்ம உயர்திணை அஃறிணை மாதிரியே இருக்குனு புல்லரிச்சு எழுதிருந்தாரு. முழுசா சொல்லணும்ல? கூட்டத்துல ஒரே ஒரு ஆம்பளை இருந்தாலும் "ஓனி", மரியாதையான வரிசை. நூறு பொம்பளைங்க மட்டும் நின்னா "ஓனே", அதாவது மேசை, பூனை, கப்பலோட ஒரே வரிசை. நம்ம உயர்திணைல பொம்பளைக்கும் இடம் உண்டு, ஒப்பிடுறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் யோசிங்க.

சும்மா_வந்தேன்

ஒரு டவுட். டகாலோக்கும் பிலிப்பினோவும் ஒண்ணா வேறயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க.

இலக்கணப்பூச்சி

நடைமுறைல ஒண்ணு, சட்டத்துல வேற. 1937ல அதிபர் மானுவல் கேஸோன் டகாலோக்கை அடிப்படையா வெச்சு தேசிய மொழினு அறிவிச்சாரு. மத்த மொழிக்காரங்க சும்மா இருப்பாங்களா, 1959ல பேரை "பிலிப்பினோ"னு ப வெச்சு மாத்துனாங்க. 1987 அரசியல் சட்டத்துல அது ஃப வெச்ச "ஃபிலிப்பினோ" ஆச்சு, பழைய எழுத்து வரிசைல ஃபவே கிடையாது. ஒரு எழுத்துக்குள்ள அவ்வளவு அரசியல், நமக்கா புரியாது. 1565ல இருந்து 1898 வரைக்கும் ஸ்பெயின்காரன் உக்காந்திருந்ததால மேசை "மேசா", ஜன்னல் "பிந்தானா", கப்பல் "பார்கோ", மாசப் பேரு எல்லாம் ஸ்பானிஷ். போலிஷ்ல மாசப் பேரு பெரும்பாலும் சொந்தச் சரக்கு, நவம்பருக்கு "லிஸ்தோபாத்", இலை உதிர்வு.

தேர்டு சார், ஒண்ணு செக் பண்ணிக்கங்க. கப்பல்காரங்க நிறைய பேரு இலோய்லோ மாகாணத்துப் பக்கம், அவங்களுக்குள்ள ஹிலிகாய்னோன் பேசுவாங்க, அது டகாலோக் இல்ல. பிலிப்பினோ எல்லாருக்கும் புரியும், ஆனா நீங்க மெஸ்ல கேக்குற சத்தம் எதுன்னு முதல்ல கேட்டுக்கங்க.

மூணாவது_இன்ஜினியர்

அடேங்கப்பா, வாட்ச் முடிச்சுட்டு வந்து பாத்தா இவ்வளவு. எல்லாருக்கும் நன்றி. போசன்கிட்ட கேட்டேன், அவரும் ரெண்டு ஏபியும் (டெக் மாலுமிங்க) இலோய்லோ தான், மத்தவங்க மனிலா, படாங்காஸ். எல்லாரும் சேந்தா பிலிப்பினோ தானாம். தாவ் 😄

முடிவு பண்ணிட்டேன், இந்தக் காண்ட்ராக்ட் பிலிப்பினோ. ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது காதுல விழுது, வேற எங்க கிடைக்கும். போலிஷ்ல "பானியே காபிதானியே" மட்டும் வெச்சுக்கிறேன். இன்னைக்குக் காலைல பிரிட்ஜ்ல சொல்லியும் பாத்துட்டேன், கேப்டன் காஃபி கப்பைக் கீழ வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு, அப்புறம் அரை நிமிஷம் போலிஷ்ல என்னமோ பேசினாரு, நான் "நோ, நோ"னு தலையாட்டிட்டு வந்துட்டேன். எதுக்கு ஒத்துக்கிட்டேன்னு தெரியல.

ஒரு சந்தேகம். மதியம் மெஸ்மேன் "குமாயின் கா நா பா"ன்னான், புரிஞ்சிடுச்சு! கெத்தா "ஓப்போ"னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான், குக்கைக் கூப்பிட்டு வேற சொல்றான். தப்பாவா சொன்னேன்?

மனிலா_மாப்ள

அவனுக்கு என்ன வயசு?

மூணாவது_இன்ஜினியர்

இருபத்தி ஒண்ணு இருக்கும்.

மனிலா_மாப்ள

அப்புறம் சிரிக்காம என்ன பண்ணுவான், உங்களை விட பத்து வயசு சின்னப் பையன் "சாப்டியா"ன்னு கேட்டதுக்கு "சாப்பிட்டேனுங்கய்யா"ன்னு பவ்யமா சொல்லிருக்கீங்க. அவனுக்கு வெறும் "ஓஓ" போதும், நடுவுல மூச்சை ஒரு வெட்டு வெட்டிச் சொல்லணும். "ஓப்போ"வை போசனுக்கு எடுத்து வைங்க.

மூணாவது_இன்ஜினியர்

போசன் கிட்ட "ஓஓ"ன்னு சொல்லிட்டேனே.